புத்தி தெளிந்த மனிசன்

திருகோணமலைத் துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டுப் போன நாளிலிருந்து குலசிங்கம் ஒரு மாதிரித்தான் இருந்தான். அபாயச் சங்கு கேட்டால் போதும், கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்வான். ஒருநாள் ஒத்திகைக்கு ஊதிய சங்கைக் கேட்டு, இறங்குதுறையில் கட்டியிருந்த கடற்படை வள்ளத்தின் கயிற்றை வெட்டிவிட்டான். வள்ளமாவது தப்பட்டும் என்று நினைத்தானாம். அது போய்ப் பாறையில் மோதிச் சிதறியது. யுத்தகாலமல்லவா, நாசவேலை என்று பிடித்து மறியலில் போட்டார்கள்.

கோட்டில் அவன் வாய் திறக்காமல் நடுங்கியதைப் பார்த்த நீதவான், முதலில் இவனை மனநோய் டாக்குத்தர் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். அங்கேதான் அவன் பெண்சாதி அன்னலட்சுமிக்குக் குழப்பம் பிடித்தது. பிடிபட்டவனுக்கு டாக்குத்தர் எதற்கு? காய்ச்சலா, இருமலா? யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். விசர் என்று எழுதினால் அங்கொடைப் பைத்திய ஆசுபத்திரிக்கு ஏற்றிவிடுவார்கள். நல்ல புத்தி என்று எழுதினால் வீட்டுக்கு விடுவார்கள். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற வழக்கம் அவளுக்கு எப்போது இருந்தது!

மறியலுக்குச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் பாடம் நடத்தினாள்.

“சத்தம் கேட்டால் பயமோ எண்டு கேட்பினம். இல்லையெண்டு சொல்லுங்கோ.”

“ஓம் அன்னம்.”

“வெட்டினது பிழையெண்டு தெரியுமோ எண்டு கேட்டால்?”

“தெரியும் எண்டு சொல்லுறன்.”

அந்த நாளும் வந்தது. வெள்ளைக்கார டாக்குத்தர் கேட்கக் கேட்க, துறைமுகக் கந்தோரில் வேலை பார்க்கும் கிண்ணியாக்காரர் ஸெய்னுதீன் தமிழில் சொன்னார். குலசிங்கம் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தான். நித்திரை நன்றாக வருகிறது. பயம் இல்லை. வெட்டும்போதே பிழையென்று தெரியும். கதவோரம் நின்ற அன்னலட்சுமிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

டாக்குத்தர் எழுதி முடித்தார்.

“ஸெய்னுதீன் நானா, இனி இவரை வீட்ட கூட்டிக்கொண்டு போகலாந்தானே?”

ஸெய்னுதீன் அவளை விசித்திரமாகப் பார்த்தார். “வீட்டயோ? தங்கச்சி, இவர் வருத்தம் மாத்த வந்த டாக்குத்தர் இல்லை. கோட்டுக்குச் சொல்ல வந்தவர். புத்தி தெளிவு, தெரிஞ்சுதான் வெட்டினவர் எண்டு எழுதிட்டார். இனி வழக்குத்தான், கன வருசம் போடுவாங்க. வருத்தக்காரன் எண்டிருந்தால் ஆசுபத்திரியோட போயிருக்கும்.”

அவள் டாக்குத்தரின் மேசையடிக்கு ஓடினாள். நல்ல புத்திக்கா மறியல்? இது எந்த ஊர் நியாயம்? ஐயோ, தன் வாயாலேயே அவனைக் கெடுத்தாளே!

“பொய் துரை! எல்லாம் பொய்! இவர் இரவிரவாய் அலறுறவர்! நான்தான் சொல்லிக் குடுத்தனான்!”

ஸெய்னுதீன் அதையும் ஆங்கிலத்தில் சொன்னார். டாக்குத்தர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, உண்மையா என்று குலசிங்கத்திடம் கேட்டார். ஓம் சொல்லுங்கோ, ஓம் சொல்லுங்கோ என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

“அப்பிடி ஒண்டுமில்லை துரை,” என்றான் குலசிங்கம் பணிவாக. “அவ பயத்தில கதைக்கிறா.”

பிறகு பெண்சாதி பக்கம் குனிந்து மெல்லக் கேட்டான்.

“இதையும் சரியாச் சொன்னனான்தானே, அன்னம்?”