ஆறு ரெண்டு மூணு ரெண்டு ஆறு

சனிக்கிழமை பகல் பஸ்ஸில் கஹவத்தைக்கு வந்திறங்கும் தோட்டத்துப் பெண்களில் பாதிப் பேர், மரக்கறி வாங்குவதற்கு முன்பே சாலி முதலாளியின் கொமினிகேஷன் என்கிற போன் கடைக்கு வந்துவிடுவார்கள். குடையை வாசலில் சாத்திவிட்டு, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து போனை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைப்பார்கள். போனுக்கு ரீலோட் காசு போட வேண்டும். குவைத்திலோ லெபனானிலோ வீட்டு வேலை செய்கிற மகளுக்கு நாலு வார்த்தை அனுப்ப வேண்டும். அவர்கள் சொல்லச் சொல்ல, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக் கொடுப்பது ஜீவராணியின் வேலை. அவளுடைய கட்டைவிரல் பட்டனைப் பார்க்காமலே ஓடும். மூன்று வருஷமாக அந்த மேசை அவளுடையதாக இருந்தது.

அன்றைக்கு அவள் முன்னால் யாரும் நிற்கவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த விஜயகலாவின் முன்னால் ஒரு வரிசையே நின்றது.

“இங்க வாங்களேன், நான் சும்மாதான இருக்கேன்,” என்றாள் ஜீவராணி.

“இருக்கட்டும் புள்ள, நாங்க நிக்கிறோம்,” என்றாள் வரிசையில் ஒருத்தி. “இது நெதானமா கேட்டு எழுதும்.”

நிதானமாம். ஒரு மெசேஜுக்கு விஜயகலா கால் மணி நேரம் எடுப்பாள். மகளுக்குக் காய்ச்சல் விட்டதா, வீட்டுக்காரி ஒழுங்காகச் சாப்பாடு கொடுக்கிறாளா என்றெல்லாம் விசாரிப்பாள். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டுவாள். அதைக் கேட்டு அந்தப் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். பார்க்கப் பார்க்க ஜீவராணிக்கு வயிறு எரிந்தது. இவளைக் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்ததே அவள்தான். ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்த பிள்ளை, ஏலெவல் படிப்பு முடித்துவிட்டுச் சும்மா கிடக்கிறாளே என்று முதலாளியிடம் தானே போய்ப் பேசினாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் சாலி முதலாளி இருவரையும் கூப்பிட்டார்.

“நான் இன்டர்நெட்டில கடையொண்டு போடப் போறன். சாரி, ரைஸ்குக்கர், டீவி, எல்லாத்துக்கும் படம். வெளிநாட்டில ஈக்கிற புள்ளைகள் போன்லயே பாத்து, இது வேணுமெண்டு சொன்னா, நாங்க லயத்துக்கே கொண்டுபோய்க் குடுக்கிற. அதுக்குப் பேரொண்டு வேணும். போன் பட்டன்ல லேசா அடிக்கிற பேரா ஈக்கணும். கடைசியில வார டொட் கொம் எல்லாருக்கும் பொது, அத உடுங்க. முன்னுக்கு வாரதச் சொல்லுங்க.”

இருவரும் தலையாட்டினார்கள்.

“யார்ட பேர் சரிவருதோ அவங்க மேல்மாடியில ஈந்து அந்தக் கடையப் பாக்கட்டும். பெர்மனன்ட். ஈபிஎப்பும் கட்டுறன்.”

பெர்மனன்ட் என்றதும் ஜீவராணி ஓர் எட்டு முன்னால் வந்தாள். அவளுடைய அம்மா மருதாயி றப்பர்க் காட்டில் பால் வெட்டுகிறாள். வருஷக் கடைசியோடு அவளுக்கு வேலை முடிகிறது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்காவிட்டால் லயத்துக் காம்பரா வீட்டை விட்டுப் போக வேண்டும். ‘ராணி பேரப் பதிஞ்சிருங்க’ என்று கங்காணி வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த வேலை கிடைத்தால் டவுனில் ஓர் அறை எடுத்து அம்மாவைக் கூட்டி வந்துவிடலாம். கிடைக்காவிட்டால் தை பிறந்ததும் அம்மாவின் பால் கத்தியை அவள் கையில் எடுக்க வேண்டும். விஜயகலாவுக்கு என்ன குறை? அப்பாவும் அண்ணனும் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவளை யாரும் காம்பராவை விட்டு எழுப்பப் போவதில்லை.

“அம்மா,” என்றாள் ஜீவராணி உடனே. “ஏ, எம், எம், ஏ. நாலே எழுத்து முதலாளி.”

சாலி முதலாளிக்குப் பிடித்துவிட்டது. “நல்ல பேர்தான். நீங்க என்ன சொல்ற?” என்று விஜயகலாவைப் பார்த்தார்.

“நாளைக்குச் சொல்றேங்க.”

மறுநாள் அவள் ‘மேடம்’ என்று சொன்னாள். ஜீவராணி வாய்விட்டுச் சிரித்தாள்.

“ஒவ்வொரு எழுத்தும் பட்டன்ல மொத எழுத்துங்க,” என்றாள் விஜயகலா. “எம்முக்கு ஆறு, ஏக்கு ரெண்டு, டிக்கு மூணு. எதையும் ஒரு தடவைக்கு மேல அமத்த வேணாம். எங்கம்மா நாலு வருஷம் குவைத்ல இருந்துச்சுங்க. அதுக்கு இங்கிலீஷ்ல பாத்த ஒடனே தெரியிற ஒரே சொல்லு இதான்.”

முதலாளி தாடியைத் தடவினார். “ரெண்டும் நல்லாத்தான் ஈக்கி. செய்துதான் பாக்கணும். சனிக்கிழமை, இங்கிலீஷ் எழுத்துத் தெரியாத பொம்புளை ஒராளக் கூட்டி வாங்க.”

“எங்கம்மாவக் கூட்டியாறேன்,” என்று ஜீவராணி முந்திக்கொண்டாள்.

அன்று மாலை அடுப்படியில் வைத்து அம்மாவிடம் சொன்னாள். “மொதப் பேரக் கடகடன்னு அமத்திரு. ரெண்டாவது பேரு வந்தா, கை தடுமாறின மாதிரி மாத்தி அமத்து.”

“அது பாவம்டி. நம்ம கண்ணு முன்னால வளந்த புள்ள.”

“ஒனக்கு நான் புள்ளையா, அவ புள்ளையா?”

மருதாயி விறகைத் தள்ளிவிட்டு, “சரி,” என்றாள்.

சனிக்கிழமை மருதாயி நல்ல சேலை கட்டி வந்தாள். பக்கத்துக் காம்பரா புஷ்பமும் வேடிக்கை பார்க்கக் கூட வந்திருந்தாள். முதலாளி போனை மருதாயியின் கையில் கொடுத்தார். பால் கத்தி பிடித்துப் பிடித்து அவளுடைய கட்டைவிரல் பலகை போல் காய்த்திருந்தது. நகத்தோரம் றப்பர்ப் பால் கறுப்பாய் ஒட்டியிருந்தது. நம்பர் மட்டும் அவளுக்குத் தெரியும்.

“ரெண்டு, ஆறு, ஆறு, ரெண்டு,” என்றாள் ஜீவராணி.

மருதாயி சொன்னபடியே கடகடவென்று அமத்தினாள். முதலாளி எட்டிப் பார்த்தார். “இது அனா எண்டு வந்தீக்கி.”

“ஆறு அமத்திட்டு செத்த நிக்கணும்மா, சேத்து அமத்தினா அடுத்த எழுத்து வந்துரும். பொறகு திரும்ப ஆறு.”

“எவ்வளவு நேரம் நிக்கிறது?”

ஜீவராணிக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரே பட்டனில் அடுத்தடுத்து எழுத்து வந்தால் நிற்க வேண்டும் என்பதை அவளுடைய விரல் எப்போதோ பழகிவிட்டது. நிற்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. மருதாயி மறுபடி அமத்தினாள். மறுபடியும் அனா. மூன்றாவது தடவை அவள் ஆறில் விரலை அழுத்தியபடியே நின்றாள். எழுத்துக்குப் பதிலாக ஆறாம் நம்பரே திரையில் வந்தது.

“மத்ததப் பாப்பம்,” என்றார் முதலாளி.

விஜயகலா குனிந்து மெதுவாகச் சொன்னாள். “ஆறு. ரெண்டு. மூணு. ரெண்டு. ஆறு.”

மருதாயி மகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக அமத்தினாள்.

“வந்துருச்சும்மா,” என்றாள் விஜயகலா. “சரியா எழுதிட்டீங்க.”

“நெசமாவா?” மருதாயி போனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அழித்துவிட்டு மறுபடி அமத்தினாள். மறுபடியும் சரியாக வந்தது. “அட, இது போன் நம்பரு மாதிரியில்ல இருக்கு. எந்தங்கச்சி மகளுக்கு நான் வாயாலயே சொல்லிருவேன். புஷ்பம், இங்க வா, நீ அமத்து. ஆறு, ரெண்டு...”

புஷ்பமும் அடித்தாள். முதலாளி மேசையைத் தட்டினார். “ஹரி ஹரி, சரி, முடிஞ்சி. மேடம்தான்.”

விஜயகலா சிரித்த சிரிப்பை ஜீவராணியால் பார்க்க முடியவில்லை. பெற்ற தாயே போய் அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கிறாள். பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“மறந்துட்டேன் ராணி,” என்றாள் மருதாயி. “என் கையால ஒன்னு எழுதினது இதான் மொதத் தடவ. அதுல எல்லாமே மறந்துபோச்சு.”

பஸ் நின்றதும் ஜீவராணி முதலில் இறங்கி நடந்தாள். அந்த வாரம் முழுக்க விஜயகலா “அக்கா, அக்கா” என்று எத்தனை தடவை கூப்பிட்டாலும், கேட்காத மாதிரி ரீலோட் கார்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மாதம் முடிந்தது. மேல்மாடியில் கம்பியூட்டரும் ஃபேனும் வந்தன. அவற்றோடு கொழும்பிலிருந்து இப்திகாரும் வந்தான்.

“என்ட தங்கச்சிட மகன்,” என்றார் முதலாளி. “கம்பியூட்டர் படிச்சவர். மேல இவர் ஈப்பார். காசு பொழங்கிற எடம் பாருங்க, சொந்தக்காரர் ஒராள் ஈந்தாத்தான் எனக்கும் நிம்மதி.”

விஜயகலாவின் முகம் வெளிறியது. அதைப் பார்த்ததும் ஜீவராணியின் வயிறு குளிர்ந்தது. அப்பாடா, இவளுக்கும் இல்லை. தனக்கும் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

“நீங்க ரெண்டு பேரும் பஸ் ஸ்டேண்டுக்குப் போகணும்,” என்று முதலாளி தொடர்ந்தார். “எறங்கிற பொம்புளைகளுக்கு இந்தப் பேர அமத்தப் பழக்கிக் குடுங்க. அவங்க மகள்மாருக்குச் சொல்லுவாங்க. பழகின ஆளுக்கு அட்டையொண்டு குடுங்க. ஜீவராணிக்குச் சிவப்பு, விஜயகலாவுக்குப் பச்சை. அட்டையோட கடைக்கு வந்தா அவங்களுக்கு ஒரு கப் டீ. எந்த அட்டை கூட வருதோ, அந்தாள் கடையில ஈக்கலாம். மத்தாளுக்குத் தீவாளியோட கணக்கு முடிப்பம். இனி மேசைக்கு ஒராள் போதும்தானே.”

இருவருக்கும் கடைப் பேர் போட்ட தொப்பி கொடுத்தார்கள்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. ஸ்டேண்டின் ஒரு முனையில் ஜீவராணி நின்றாள், மறுமுனையில் விஜயகலா. தோட்டத்து பஸ் நடுவில் வந்து நின்றது. பின் கதவால் இறங்கியவர்கள் எல்லாரும் விஜயகலா பக்கமே போனார்கள். இன்றைக்கும் அவள் சுகம் விசாரிப்பாள், அவர்கள் பச்சை அட்டையை வாங்கிக்கொண்டு போவார்கள் என்று ஜீவராணிக்குத் தெரியும். முன் கதவால் ஒருத்தி மட்டும் இறங்கினாள். முதுகில் மூட்டை, கையில் போன். ஜீவராணி ஓடிப்போய் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். தன்னிடம் வந்தவர்களை அப்படியே நிறுத்திவிட்டு விஜயகலாவும் ஓடி வந்தாள். சுகம் விசாரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் மறு கையைப் பிடித்து இழுத்தாள்.

“இவங்க என் பக்கம் எறங்கினாங்க,” என்றாள் ஜீவராணி.

“பஸ்ஸுக்கு ஏது பக்கம்?” என்றாள் விஜயகலா. அக்கா என்று கூப்பிடவில்லை.

அந்தப் பெண்ணின் முதுகிலிருந்து மூட்டை சரிந்து சேற்றில் விழுந்தது.

“ரெண்டு பேரும் ஒரே கடைப் புள்ளைகதானே,” என்றாள் அவள், இருவருடைய தொப்பிகளையும் மாறி மாறிப் பார்த்து. “ஏம்மா என்னையப் பிச்சு எடுக்கிறீங்க?”

எதிரே கடையின் மேல்மாடியில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இப்திகார் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு, சாரல் அடிக்கிறதென்று கண்ணாடி ஜன்னலைச் சாத்தினான். கீழே இருவரும் இன்னும் அந்தப் பெண்ணின் கையை விடவில்லை.