கிடங்கு நிறுத்தத்தில் நிற்காத வண்டி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறேன். போன வருஷம் எங்கள் கம்பெனிக்கு என்ன ஞானோதயம் வந்ததோ, ஓட்டுநர்கள் எல்லோருக்கும் நான்கு சனிக்கிழமை இன சமத்துவ வகுப்பு வைத்தார்கள். மற்றவர்கள் ஓசி டீக்காக வந்தார்கள், குடித்துவிட்டுத் தூங்கினார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். கறுப்பின மக்களுக்கு வீடு தராத கதை, வேலை தராத கதை, வண்டியில் இடம் தராத கதை என்று டீச்சர் சொல்லச் சொல்ல எனக்கு ரத்தம் கொதித்தது. அவரிடமே பட்டியல் வாங்கி, நூலகத்திலிருந்து ஏழு புத்தகங்கள் எடுத்துவந்தேன்.

நானும் ஒன்றும் சிவப்பு இல்லை. சின்ன வயதில் அக்கா என்னைக் கரிச்சட்டி என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் இந்த ஊரில் கறுப்பர் என்று சொன்னால் அது நாங்கள் இல்லை. கடல் தாண்டி வந்து, குளிர்பதனக் கிடங்கை ஒட்டிய குடியிருப்பில் இருக்கும் சுருள்முடிக்காரர்கள் அவர்கள். அவர்கள் வந்ததிலிருந்து எங்களுக்கு ஒரு படி உயர்ந்துவிட்ட நினைப்பு. இதையும் ஒரு புத்தகத்தில்தான் படித்தேன், படித்துவிட்டு அடிக்கோடு வேறு போட்டேன்.

வீட்டில் என் பிரசங்கம் தாங்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் தையல்காரர், முன்னறையில்தான் மிஷின்.

“அந்தக் காலத்துல அவங்களை வண்டியிலயே ஏத்த மாட்டாங்களாம், தெரியுமா?”

“எத்தனை தடவைம்மா சொல்லுவே? இந்த பேன்ட்டுக்கே மனப்பாடம் ஆயிருச்சு.”

“உங்களுக்கென்ன, காஜா எடுக்கத்தான் தெரியும்!”

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க. நீ உலகத்தைத் திருத்திட்டு வா, நான் துணியைக் காயப்போடுறேன்.”

இப்படி இருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஷிப்டை முடித்துவிட்டுப் பணிமனை அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போனேன். மேலாளர் மேஜைக்கு முன்னால் ஒரு கறுப்பினப் பெண் நின்றிருந்தாள். என் வயதுதான் இருக்கும். ஆஸ்பத்திரி துப்புரவுப் பணியாளரின் நீலச் சட்டை, கையில் ஒரு சின்ன நோட்டு.

“ஆறு மணிக்கு நான் ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கணும் சார். அஞ்சு மணிக்கே வந்து நின்னாலும் இந்த மாசம் மூணு தடவை லேட். வெள்ளிக்கிழமை விசாரணை வச்சிருக்காங்க. கிடங்கு ஸ்டாப்புல வண்டி நிக்காமப் போச்சுன்னு நீங்க எழுதிக் கொடுத்தா வேலை நிலைக்கும். இல்லன்னா போயிரும்.”

“‘இடமில்லை’ன்னு போர்டு எரிஞ்சதா இல்லையா?”

“எரிஞ்சது. உள்ள சீட்டெல்லாம் காலி.”

“போர்டு எரிஞ்சா வண்டி ஃபுல்லுன்னு அர்த்தம். போங்கம்மா, எனக்குத் தலைக்கு மேல வேலை.”

நான் சும்மா இருப்பேனா? குறுக்கே பாய்ந்தேன். “சார், இது அப்பட்டமான பாகுபாடு! வகுப்புல இதைத்தானே சொல்லிக் கொடுத்தாங்க?” பிறகு அவள் பக்கம் திரும்பினேன். “நீங்க பயப்படாதீங்க. எந்த டிரைவருன்னு மட்டும் சொல்லுங்க. நானே வந்து சாட்சி சொல்றேன்.”

அவள் நோட்டைப் பிரித்தாள். என் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

“எட்டாம் தேதி, அஞ்சு நாப்பது. பதினொண்ணாம் தேதி, அஞ்சு நாப்பது. இன்னிக்கு, அஞ்சு நாப்பத்தொண்ணு. மூணு நாளும் நீங்கதான்.”

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம். உங்களிடம் பொய் சொல்வானேன்?

“நானா? நான் அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க. நாலு வகுப்பும் போயிருக்கேன். புத்தகமெல்லாம் படிச்சிருக்கேன்.”

“சரி” என்றாள் அவள். “வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு. ஆஸ்பத்திரியில ரெண்டாவது மாடி.” போய்விட்டாள்.

விஷயம் இதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வண்டி பழக்கிக் கொடுத்த மூத்தவர் சொன்னார்: “கிடங்கு வளைவு வந்தா இந்த ‘இடமில்லை’ சுவிட்சைத் தட்டிரு. அவங்க கும்பலா ஏறுவாங்க, மத்தவங்க முகம் சுளிப்பாங்க. பின்னாடி வர்ற வண்டி ஏத்திக்கும்.” பின்னால் வருகிறவரும் அதே சுவிட்சைத்தான் தட்டினார். ஏழெட்டு வண்டி போனால், யாராவது ஒருவர் மறந்துபோய் நிற்பார். இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தது என்று நான் கேட்டதே இல்லை. வளைவு வந்தால், கொசு கடித்த இடத்துக்குப் போவதுபோல் கை தானாகப் போகும். அன்று காலையிலும் போயிருக்கிறது. ஏழாவது புத்தகம் பக்கத்தில் பையில் இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டில் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்தினார். கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன், செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“வெள்ளிக்கிழமை போறியா?”

“போனா என்னை சஸ்பெண்ட் பண்ணுவாங்க. மத்த டிரைவருங்க என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்க.”

“மாட்டாங்கதான்” என்றார். ஊசியில் நூல் கோத்தார். “சாப்பிட்டுட்டு யோசி.”

மறுநாள் மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆள் கெட்டவர் இல்லை, பிரச்சினை என்றால் ஒதுங்கிப்போகிற ரகம். “போர்டு பழுதுன்னு ஒரு கடுதாசி தர்றேன். கொண்டுபோய்க் கொடு. அவ வேலையும் தப்பிக்கும், உன் வேலையும் தப்பிக்கும். பாம்பும் சாகணும், கம்பும் உடையக் கூடாது” என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்தக் கடிதத்தை நான்காக மடித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன், நன்றாகவே தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டாவது மாடியில் ஒரு சின்ன அறை, நான்கு நாற்காலி. கண்ணாடி போட்ட அதிகாரி கடிதத்தைப் படித்தார். முகம் தெளிந்தது.

“போர்டு பழுதா? இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. சரி, இந்த மூணு லேட்டையும் எடுத்துரலாம். வேலையில இருங்க.”

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. நோட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தாள்.

“சார், இன்னிக்கும் போர்டு எரிஞ்சது. இன்னிக்கு இவங்க ஓட்டலை, வேற வண்டி, வேற ஆளு. அதுக்குப் பின்னாடி வந்ததும் அப்படித்தான். நான் நடந்துதான் வந்தேன். ஆறு இருபத்தஞ்சுக்கு வந்தேன். நாளைக்கும் பழுதாத்தான் இருக்கும். நாளைக்கு யாரு கடுதாசி தருவாங்க?”

அதிகாரி என்னைப் பார்த்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை, தன்னுடைய செருப்பைப் பார்த்தாள். அதன் ஓரமெல்லாம் சேறு.

“போர்டு நல்லாத்தான் இருக்கு சார்” என்றேன். “பழுது ஒண்ணுமில்லை. வண்டியில பத்துப் பேர்கூட இருக்க மாட்டாங்க. நானாத்தான் சுவிட்சைப் போட்டேன். எல்லாரும் போடுவோம்.”

“எதுக்கு?”

ஏழு புத்தகத்தில் எத்தனையோ பெரிய வார்த்தைகள் படித்திருந்தேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“அங்க நிக்கிறவங்க கறுப்பா இருக்காங்க. அதான்.”

அதை அவளை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது. அவள் பக்கத்து நாற்காலியில், என் முழங்கை படுகிற தூரத்தில் இருந்தாள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். மூத்தவர் சொல்லிக் கொடுத்தது, எத்தனை வருஷம், எந்தெந்த வண்டி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் வேலை தப்பியது. அன்று சாயங்காலமே எனக்கு இரண்டு மாதம் சஸ்பென்ஷன். கம்பெனி விசாரிக்கிறோம் என்றது, விசாரித்துக்கொண்டே இருந்தது.

ஆனால் அது பிறகு. அன்று தாழ்வாரத்தில் அவள் எனக்கு நன்றி சொல்வாள் என்று என் மனதின் ஒரு மூலை காத்துக்கொண்டிருந்தது. வெட்கங்கெட்ட மனது.

“நாளைக்கு அஞ்சு நாப்பது வண்டியை யாரு ஓட்டுறாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“மூத்தவர்.”

“அவரு நிப்பாட்டுவாரா?”

தெரியாது என்றேன்.

மறுநாள் ஐந்தரைக்குக் கிடங்கு நிறுத்தத்துக்குப் போனேன். பன்னிரண்டு வருஷத்தில் அந்த இடத்தில் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கூரை கிடையாது, விளக்குக் கிடையாது. பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். ஓட்டுநர் கண்ணில் பட வேண்டுமே என்று நேராக முன்னால் போய் நின்றேன்.

“வரிசை இருக்கு” என்றாள் அவள். “பின்னாடி போங்க.”

பின்னால் போனேன்.

வளைவில் வண்டி திரும்பியது. ‘இடமில்லை’ என்ற எழுத்து பளிச்சென்று எரிந்தது. உள்ளே இருந்தவர்களை எண்ணினேன், ஆறு பேர். வரிசையை விட்டு இறங்கிப்போய்ச் சாலை நடுவில் நின்றேன். பிரேக் கிரீச்சிட்டது. மூத்தவர் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார்.

“ஏய், பைத்தியமா உனக்கு? காட்டிக் கொடுத்ததுமில்லாம நடுரோட்டுல வேற நிக்கிறே? சரி, தொலை. சீக்கிரம் ஏறு.”

முன்கதவு திறந்தது.

நான் நகரவில்லை. “வரிசையில நான் பதினாறாவது ஆளு, அண்ணே” என்றேன்.

அவர் கதவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் அவர் சக்கரத்துக்கு முன்னால்தான் நின்றிருந்தேன். நீலச் சட்டைக்காரி முதலில் ஏறினாள்.