பிரதிஷ்டை

ஜாஸ்மின் என் தங்கை. தலைப்பிரசவம் முடிந்து, தாம்பரத்தில் எங்கள் அம்மா வீட்டில் இருந்தாள். பிள்ளை பிறந்த இரண்டாம் வாரமே தூக்கம் போயிற்று, சோறும் போயிற்று. சுவரைப் பார்த்து மெல்லத் தலையாட்டுவாள். "ஆண்டவர் பேசுறாரும்மா" என்றாள் ஒரு நாள்.

வேறு வீடாயிருந்தால் பயந்திருப்பார்கள். எங்கள் சபையில் வாரத்துக்கு ஒருவர் எழுந்து நின்று இதையேதான் சாட்சி சொல்வார், கூட்டம் அல்லேலூயா என்று கைதட்டும். அம்மாவும் கண்ணீர்விட்டு ஸ்தோத்திரம் பண்ணினாள்.

"யம்மா, இவ மூஞ்சே சரியில்ல. டாக்டர்கிட்ட காட்டலாம்."

"வாய மூடுடி ரோஸி! ஜெபம் பண்றவள போய் பைத்தியம்ன்றியா?"

மறுநாள் ஜாஸ்மின், "புள்ளைய அவருகிட்ட குடுக்கணுமாம்" என்றாள். அம்மா பூரித்துப் போனாள். எங்களுக்கு அந்தப் பேச்சுக்கு ஒரே அர்த்தம், பிரதிஷ்டை. குழந்தையைச் சபைக்குக் கொண்டுபோய்ப் பாஸ்டர் கையில் கொடுப்போம், அவர் ஜெபித்துத் திருப்பித் தருவார். வெள்ளை கவுன் வாங்கியாயிற்று, கேக்குக்கும் சொல்லியாயிற்று. எப்படிக் கொடுக்கச் சொன்னார் என்று ஒரு ஜென்மமும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை தண்ணி லாரி வந்துபோனது. தரைக்கடியில் இருக்கும் தண்ணித் தொட்டியான சம்ப்பின் மூடியை மூட வீட்டுப் பின்பக்கம் போனேன். ஜாஸ்மின் அதன் விளிம்பில் குந்தியிருந்தாள். பிள்ளைக்கு அந்த வெள்ளை கவுனை மாட்டி, தண்ணீருக்கு மேலே இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்திருந்தாள்.

"இன்னாடி பண்ற?"

"குடுக்கறேன்க்கா. கீழேர்ந்து கைய நீட்டிகினு கீறாரு." அவள் முகத்தில் அப்படி ஓர் அமைதி. பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கினேன்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "இது சைக்கோசிஸ்" என்றார் டாக்டர் ஆஷா. "இல்லாத குரல் கேக்கும், நிஜம்னே தோணும். சிலருக்குக் குடியால வரும், சிலருக்கு மனச்சிதைவுல வரும். இவங்களுக்குப் பிரசவத்தால வந்திருக்கு. மருந்துல குணமாகும்."

"அப்ப ஆண்டவர் இல்லியா டாக்டர்?" என்று கேட்டாள் அம்மா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

குணமானாள். குரல் நின்றது. ஆனால் தான் செய்யப் போனது ஒன்று விடாமல் அவளுக்கு நினைவிருந்தது, அதுதான் கொடுமை. புட்டிப்பால் கொடுக்கும்போதுகூட என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்வாள்.

தள்ளிப்போன பிரதிஷ்டையை அம்மா விடுவதாயில்லை. சபை நிறைய ஜனம். பாஸ்டர் வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டி, "குழந்தையைக் கர்த்தருக்குக் கொடுங்கள்" என்றார்.

ஜாஸ்மின் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அலறினாள். "குடுக்க மாட்டேன்! எவன் கேட்டாலும் குடுக்க மாட்டேன்!"

"ஐயோ, திரும்ப வந்துடுச்சே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நாலு பேர் ஜாஸ்மின் கையைப் பிரித்துப் பிள்ளையைப் பிடுங்கினார்கள். அடப்பாவிகளா, இப்போதுதான் அவள் தெளிந்திருக்கிறாள் என்று கத்தினேன். அவர்கள் போட்ட ஜெபச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.