பத்தொன்பதாம் படி

"கைப்புடி வெக்காம நான் ஊட்டை ஒப்படைக்க மாட்டேனுங்க அம்மணி. நாளைக்கு ஆராச்சும் உழுந்தா?"

"எங்க ஊட்டுல ஆரும் குடிச்சுப்போட்டு மாடி ஏற மாட்டாங்க காளிச்சாமி. கம்பி வெச்சா ஜெயிலாட்டம் இருக்கும்."

கொத்தனார் காளிச்சாமிக்கும் மில்காரர் சுந்தரராஜுலுவின் மனைவி பங்காரம்மாவுக்கும் சத்தம் இப்படி ஏறியபோது பக்கத்து வீட்டுக்காரி நான் வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா? உறை மோர் வேண்டும் என்று ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். என் வீட்டில் அன்று மோர் நிறையவே இருந்தது.

தொண்ணூற்று நான்கில் பீளமேட்டில் அப்படி ஒரு படிக்கட்டை யாரும் பார்த்ததில்லை. ஒரு பக்கம் சுவரில் செருகி, மறுபக்கம் அந்தரத்தில் நீட்டிய பதினெட்டுக் கறுப்பு கிரானைட் படிகள். முகம் பார்த்துத் தலை வாரலாம், அத்தனை பளபளப்பு.

சண்டை கைப்பிடியோடு நிற்கவில்லை. காலையில் வந்த உறவுக்காரர் சீனிவாசலு, லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம் என்று படிக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே ஏறி, உச்சியில் நஷ்டத்தில் போய் நின்றுவிட்டார். மில் வைத்திருக்கும் வீட்டில் படி நஷ்டத்தில் முடியலாமா? இடித்துக் கட்டினால், மகள் தேஜஸ்ரீயைப் பெண் பார்க்க வரும் நாளுக்குள் வேலை முடியாது. அதனால் மாடித் தளத்தின் விளிம்பில் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கல்லை ஒட்டி, அதையும் ஒரு படியாகக் கணக்கு வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

"அது படி இல்லீங்க, காலைத் தட்டற கல்லு" என்றார் காளிச்சாமி.

"லாபத்துல முடியோணும். உனக்கு அது போதும்" என்றாள் பங்காரம்மா.

தேஜஸ்ரீ என் கையைப் பிடித்தாள். "அக்கா, பட்டுச்சேலை கட்டிக்கிட்டு இதுல எறங்கறதுன்னா பயமா இருக்குதுங்க. நீங்களாச்சும் அம்மாகிட்டச் சொல்லுங்க."

"நீ எறங்கி வரும்போது தலையிலிருந்து கால் வரைக்கும் அவங்களுக்குத் தெரியோணும் கண்ணு, அதுக்குத்தான்" என்ற பங்காரம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, நீங்களே சொல்லுங்க, எப்படி இருக்குது?"

அவள் கொடுத்த மைசூர்பாகு அப்போது என் வாயில் இருந்தது. "அழகா இருக்குதுங்க" என்றேன்.

காளிச்சாமி கல்லை ஒட்டினார். கைப்பிடிக்கென்று படிகளில் விட்டுவைத்திருந்த துளைகளையும் அவரை வைத்தே அடைத்தார்கள்.

வைகாசியில் உடுமலையிலிருந்து மாப்பிள்ளை சசிதர் வீட்டார் இரண்டு காரில் வந்தார்கள். நானும் போயிருந்தேன், அழைத்தார்களா என்பது வேறு விஷயம். கூடத்தில் எல்லாரும் அண்ணாந்து பார்த்திருக்க, தேஜஸ்ரீ அரக்குப் பட்டில் மாடி விளிம்புக்கு வந்தாள். சேலைக்கு அடியில் கால் அந்தக் கல்லில் இடித்தது. கை பக்கவாட்டில் எதையோ தேடியது. அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. ஜாங்கிரித் தட்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தாள். தலையில் வைத்த பூச்சரம் மட்டும் நடுப்படியில் தங்கிவிட்டது. முதலில் ஓடிவந்து அவளைத் தூக்கியது சசிதர்தான்.

இடுப்பெலும்பு முறிவு. இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகும் வலது கால் குட்டையாகத்தான் நின்றது. உடுமலைக்காரர்கள் ஒரு தடவை ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள், அத்தோடு சரி. கொத்தனார் கல்லைக் கோணலாக ஒட்டிவிட்டான் என்று பங்காரம்மா தெருவெல்லாம் சொன்னாள். என்னிடமும் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

அடுத்த மாதமே பித்தளைக் குமிழ் வைத்த கைப்பிடி வந்தது. கல்லை மட்டும் எடுக்கவில்லை. லாபம் போய்விடுமாம்.

சசிதருக்கு ஆவணியிலேயே பொள்ளாச்சியில் பெண் அமைந்தது. காளிச்சாமியை எங்கள் பக்கம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. மனைவி மயிலாத்தாளோடு திருப்பூருக்குக் குடிபோய்விட்டார். தேஜஸ்ரீயை மூன்று வருடம் கழித்து ஓசூரில், மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். காரில் ஏறும் முன் கைத்தடியை ஊன்றி என்னிடம் வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அவங்க ஊட்டுல மாடியே இல்லீங்களாம், அக்கா."