மைக்கில் கேட்ட மூச்சு

நெருப்பெரிச்சல் ரோட்டில் மோகன்ராஜ் வைத்திருந்த ரெக்கார்டிங் கடையில் விளம்பரம் பேசுவது விஜயராணிதான். பனியன் கம்பெனிகளுக்கு ஆள் கூப்பிட்டு ஆட்டோ சுற்றும்போது அதில் கேட்கும் குரல் அவளுடையது. ஒன்பது வருஷம் அப்படியொரு கம்பெனியில் துணி சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் நின்று, பஞ்சுத் தூசியைத் தின்று இளைப்பு வந்து, இனிமேல் கம்பெனிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்ன பிறகு அவளுக்கு வாய்த்த ஒரே பிழைப்பு அது.

மோகன்ராஜ் கம்ப்யூட்டரைப் புதுப்பித்தான். புது போர்டு, புது டிஸ்ப்ளே கார்டு. சவுண்ட் கார்டு மட்டும் பழையது. அன்றைக்குப் பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டால், பேச்சுக்கு அடியில் கொர்கொர் என்று ஓர் இழுப்பு. ஸ்பீக்கரை மாற்றினான், வயரை மாற்றினான், மைக்கைக்கூட மாற்றினான். போகவில்லை. கடைசியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க நிறுத்தற எடத்துலதானுங்க நல்லாக் கேக்குது. நெஞ்சுல மறுபடி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இந்த ஊரில் நெஞ்சு இரைந்தால் பஞ்சுதான் காரணம் என்று பச்சைக் குழந்தையும் சொல்லும். அவளும் நம்பினாள். கண் இருட்டும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு மைக் முன்னால் நின்று பார்த்தாள், அப்போதும் இரைந்தது. மூச்சே விடாத நெஞ்சு எப்படி இரையும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மைக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு நிமிஷம் கேட்டுப் பார்க்க அந்தக் கெட்டிக்காரனுக்குப் புத்தி வரவில்லை.

பேசுவதை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்து, பதினைந்து நாள் ஆடாதொடைக் கஷாயம் குடித்துவிட்டுக் கடைக்குப் போனாள். மோகன்ராஜ் சிரித்த முகமாக இருந்தான்.

"அந்தச் சத்தம் போயிருச்சுங்க. சவுண்ட் கார்டு டிஸ்ப்ளே கார்டை ஒட்டி இருந்துச்சு, அதுதான் வெனை. கழட்டிக் கடைசி ஸ்லாட்டுல மாட்டுனேன், சுத்தமாயிருச்சு."

"அப்ப அது எம் மூச்சு இல்லையாண்ணே?"

"இல்லீங்க."

கத்தரிக்காய் விலை சொல்வதுபோல் சொன்னான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கொழுந்தியாள் அன்புசெல்வி மைக் முன்னால் உட்கார்ந்து தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் எப்பண்ணே வரட்டும்?"

"கொழுந்தியா பேசிப் பழகிட்டாளுங்க. இப்ப வேண்டாம்னா மாமனார் ஊட்டுல வருத்தப்படுவாங்க. உங்களுக்கும் ஒடம்பு சரியில்லைன்னு கம்பெனிக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லிப்புட்டேன்."

குற்றம் செய்தது ஒரு தகரப் பெட்டி, தண்டனை அவளுக்கு. குடித்த கஷாயத்தின் கசப்பு அன்றைக்குத்தான் முழுசாக ஏறியது. படி இறங்கினாள்.

மறு வாரம் அவள் குடியிருந்த சந்துக்குள் ஆட்டோ வந்தது. "செக்கிங் வேலைக்குப் பெண்கள் தேவை. வேன் வசதி உண்டு." போன வருஷம் அவள் பேசிக் கொடுத்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் குரல் நிறுத்தும் இடங்களையெல்லாம் காது கொடுத்துக் கேட்டாள். ஒரு பொட்டு இரைச்சல்கூட இல்லை.

ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, வேன் எந்த முக்கில் நிற்கும் என்று டிரைவரிடம் கேட்டாள். அவன் சொன்னான். காலையில் ஈரத் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு அங்கே போய் நின்றாள்.