வலமாகச் சுற்றிய தட்டு

அண்ணன் தங்கப்பாண்டி ஒரு பொருளைச் சும்மா தருகிறார் என்றால், அதைத் திரும்பக் கொண்டுபோக வண்டி பேசியாகிவிட்டது என்று அர்த்தம். செல்லக்கனிக்கு இது பாவாடை கட்டிய நாளிலிருந்தே தெரியும். அதனால், ராயபுரம் வீட்டின் பின்னறையில் மாப்பிள்ளை மரவேலை செய்துகொள்ளட்டும் என்று அவர் பெரிய மனசு பண்ணிய அன்றே அவள் அறையின் மூலையைத்தான் பார்த்தாள். மறுநாள் அங்கே ஒரு மிளகாய் மூட்டை வந்து உட்கார்ந்தது. சீக்கிரமே அதற்குச் சொந்தபந்தங்களும் வந்து சேர்ந்தன.

ஓரமாகக் கிடக்கட்டுமே என்று அண்ணன் சொன்னாராம். அவள் புருஷன் சண்முகவேல் தலையை ஆட்டினானாம். அந்தத் தலையாட்டல் மட்டும் எடை போட்டு விற்கிற சரக்காக இருந்திருந்தால், கொத்தவால் சாவடியில் அவனை மிஞ்ச ஆள் இருந்திருக்காது.

அறை போனால் எல்லாம் போச்சு. அவன் மறுபடியும் அண்ணன் கடையில் புளி நிறுக்கப் போவான். அவள் அண்ணியின் அடுப்பை ஊதப் போவாள். நடைவண்டி செய்து வண்ணாரப்பேட்டை மஜீது கடைக்குப் போட்டால் தனியாக ஓர் அடுப்பு மூட்டலாம் என்பதே அவள் கனவு. குழந்தைகள் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகும் மூன்று சக்கர வண்டி. உலகத்தில் இத்தனை மரச்சாமான் இருக்க, பிறத்தியாரைப் பிடித்துக்கொள்ளாமல் ஓர் அடி எடுத்து வைக்காத மனுஷனுக்கு இதுதான் அகப்பட்டது என்று நினைத்தால் அவளுக்குச் சிரிப்புக்கூட வருவதில்லை.

கையால் தேய்த்த சக்கரங்களை மஜீது, இது சக்கரமா முறுக்கா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்காகத்தான் இந்தத் தேய்ப்பு மிஷின். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட மோட்டார் ஒன்று கிடைத்தது. வியாசர்பாடி பிட்டர் லோகநாதன் வந்து, மேசைமேல் ஓர் இரும்புத் தண்டைக் கிடையாகப் பொருத்தி, அதன் நுனியில் மரை வெட்டி, ஒரு வட்ட இரும்புத் தட்டைத் திருகி மாட்டினான். தட்டின் முகத்தில் வஜ்ஜிரப் பசை காய்ச்சி உப்புத்தாளை ஒட்டினான். மோட்டாரிலிருந்து தண்டுக்குத் தோல் பட்டை. தட்டின் இடது பாதி கீழ்நோக்கி இறங்கும், கட்டையை அந்தப் பக்கம் வைத்தால் தட்டுக்கு முன்னாலுள்ள பலகையில் அமுங்கி நிற்கும், வலப்பக்கம் வைத்தால் மூக்கைப் பெயர்க்கும் என்று பாடம் சொன்னான். இந்தச் சுற்றில் ஓட ஓட மரை இறுகுமாம். இவ்வளவுக்கும் ஏதோ கப்பலையே கட்டி இறக்கியவன் மாதிரி மூன்று தடவை டீ வாங்கிக் குடித்தான்.

பூஜைக்கு அண்ணன் வந்தார். நெற்றி நிறையப் பட்டை, கையில் எலுமிச்சம்பழம். மிஷினுக்கு நேர் எதிரே நின்று விசையைப் போடச் சொன்னார். தட்டு சுற்றத் தொடங்கியதும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"மாப்பிள, இது இடமால்லா சுத்துது. சுடுகாட்டுல கொள்ளிக்குடம் தூக்கிச் சுத்துற சுத்து. என் வீட்டுக்குள்ள இது ஆகாது. வலமாச் சுத்தினாச் சுத்தட்டும். இல்லன்னா அறை மிளகாய்க்கு."

புளியில் கொட்டையைக் கலக்கும்போது வலக்கையா இடக்கையா என்று ஒரு நாளும் பார்க்காத மனுஷர் என்று செல்லக்கனி நினைத்துக்கொண்டாள்.

"பட்டைய மோட்டாருக்குப் போட்டாத்தான் மொதலாளி சுத்தும்," என்றான் லோகநாதன். "நீ நெத்தில போட்டுகினு வந்து சுத்தச் சொல்ற."

அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. லோகநாதன் சண்முகவேலின் பக்கம் திரும்பி, "பட்டைய முறுக்கி மாட்னா சுத்து திரும்பிக்கும் நைனா. ஆனா மரை கயண்டுக்கும், சொல்ட்டேன்," என்றான்.

சண்முகவேல் மரையைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றான். லோகநாதனும், இன்னொரு டீக்கு வழி பிறந்தது என்பதுபோல, பட்டையை எட்டு மாதிரி முறுக்கி மாட்டினான்.

தட்டு வலமாகச் சுற்றியது. அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சண்முகவேல் ஒரு சக்கரத்தை எடுத்துத் தட்டில் வைத்து அழுத்தினான். அவ்வளவுதான். தட்டு மரையை விட்டுக் கழன்று தரையில் குதித்து, கூப்பிட்ட வீட்டுக்குப் போகிற விருந்தாளி மாதிரி மேசையைச் சுற்றிக்கொண்டு உருண்டுபோய்ப் பின்மூலையிலிருந்த மிளகாய் மூட்டையைக் கிழித்தது. ஓடிக்கொண்டிருந்த தோல் பட்டை மிளகாய் நெடியை அறை முழுக்க வாரி இறைத்தது. முதலில் வெளியே ஓடியவர் அண்ணன். கண்ணீரும் வேர்வையுமாக நெற்றிப் பட்டை மூக்குவரை இறங்கியிருந்தது. முற்றத்தில் நின்று தும்மித் தும்மி, சகுனமே சரியில்லை, நாளைக்கே அறையைக் காலி செய்யுங்கள் என்றார். சண்முகவேல் அந்தத் தும்மலுக்கும் தலையாட்டினான்.

இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்தால் முள் அசையாது என்று செல்லக்கனிக்குத் தோன்றியது. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "அண்ணாச்சி, நாளைக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. வலமாத்தான் சுத்தும்."

சாயங்காலம் லோகநாதனைக் கூப்பிட்டுத் தட்டை மறுபடி திருகச் சொன்னாள். பட்டையைப் பழையபடி நேராகவே மாட்டச் சொன்னாள். அவன் ஏதோ கேட்க வாய் திறந்தான். டீயை நீட்டினாள், மூடிக்கொண்டான்.

மறுநாள் அண்ணன் வாசற்படியிலேயே நின்றார். நேற்றைய நெடி இன்னும் நினைவிலிருந்தது போலும்.

"முன்னால நிக்காதீங்க அண்ணாச்சி, தூசி அடிக்கும். முதலாளின்னா கன்னிமூலையிலல்லா உக்காரணும்? அங்க போயி மொளகா உக்காந்துருக்கு. அதை எடுத்துட்டா உங்களுக்கு நாற்காலி போட்டுரலாம்."

கன்னிமூலை என்றதும் அண்ணனின் முதுகு தானாக நிமிர்ந்தது. ஆட்களைக் கூப்பிட்டு மூட்டைகளைக் கடைக்கே அனுப்பினார். மிஷினுக்குப் பின்னால், மோட்டார் பக்கம், சுவரோரம் நாற்காலி விழுந்தது. அதில் உட்கார்ந்து விசையைப் போடச் சொன்னார்.

நேற்று முன்பக்கமிருந்து இடமாகச் சுற்றிய அதே தட்டு, பின்பக்கமிருந்து பார்க்க, கோயில் பிரகாரம் சுற்றுகிறமாதிரி வலமாகச் சுற்றியது. சண்முகவேல் சக்கரத்தை வைத்து அழுத்தினான். தட்டு கழலவில்லை. சக்கரம் வழவழவென்று வந்தது.

அண்ணன் எழுந்து மோட்டாருக்குச் சந்தனம் வைத்தார். நான் சொன்னபடி கேட்டதால்தான் மிஷின் மிஷினாக நிற்கிறது என்றார். அந்த நாற்காலி அங்கேயே இருக்கட்டும், அந்த மூலையில் இனி ஒரு துரும்பும் வைக்கக்கூடாது என்று உத்தரவும் போட்டார். போகிற வழியில் தெருவில் இரண்டு பேரை நிறுத்தி, பிட்டருக்கே பிடிபடாத கோளாறைத் தான் கண்டுபிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.

சண்முகவேல் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏட்டி, பட்டை பழையபடி நேராத்தானே கெடக்கு? பெறகு எப்படி மச்சானுக்கு வலமாச் சுத்துச்சு?"

செல்லக்கனி அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை அளந்தாள். கால்களைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள்.

"சக்கரத்தைப் பதமாத் தேயுங்க. மொத வண்டிய மஜீது கடைக்கு அனுப்பாண்டாம். நம்ம வீட்டுக்கு வேணும்."

அவன் கை அப்படியே நின்றது. அவள் வயிற்றைப் பார்த்தான். முகமெல்லாம் பல்லாக, நெசமாவா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சக்கரத்தின் விளிம்பைத் தடவித் தடவித் தேய்க்க ஆரம்பித்தான். நடக்கத் தெரியாத எந்தப் பிள்ளைக்கு என்று அவள் சொல்லவில்லை. முற்றத்தில் தன் அடுப்புக்குச் செங்கல் பொறுக்கப் போய்விட்டாள்.