மீசைக்காரர் கீழே இறங்கிய நாள்

வெளியுறவு அலுவலகத்துக்கு வந்த பரிசுகளுக்கெல்லாம் அவள்தான் காப்பாளர். அவற்றில் பெரிய தலைவலி, அந்தக் காலத்துச் செயற்கைக்கோள் ஒன்றின் நகல். பளபளவென்று ஓர் உலோக உருண்டை, பின்னால் நான்கு நீட்டுக் கம்பிகள். துடைக்கப் போனால் கண்ணைக் குத்தும். எந்தக் காலத்திலோ ஒரு தூதர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கொடுத்துவிட்டுப் போனது. அலுவலகத்தில் அதற்குப் பெயர் மீசைக்காரர்.

சிநேகம் இருக்கும்வரை ஒரு நாட்டின் பரிசு வரவேற்பறையில் இருக்கும். சிநேகம் கசந்தால் கீழ்த்தள அறைக்கு இறங்கிவிடும். ரேடியோ அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கும். அதுவரை காப்பாளர் தன் வாயைத் திறக்கவே கூடாது. திறந்தால் வேலையும் போகும், ஜெயிலில் கம்பியும் எண்ண வேண்டும்.

ஒருநாள் காலை அதிகாரி போன் செய்தார். "மீசைக்காரரைக் கீழ இறக்கிடுங்கம்மா. சத்தமில்லாம."

அவளுடைய மகள் மீசைக்காரரைக் கொடுத்த நாட்டில்தான் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"சார், என் பொண்ணு அங்க..."

"பாலிஷ் போடத்தாம்மா." போனை வைத்துவிட்டார்.

பாலிஷாம்! யாருக்குக் காது குத்துகிறார்?

உருண்டையை இறக்கித் துணி போட்டு மூடினாள். வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டாள். "அப்பாவுக்கு நெஞ்சு வலி. உடனே கிளம்பி வாடி."

"பரீட்சை இருக்கும்மா!"

"பரீட்சை அடுத்த வருஷமும் வரும். அப்பா வருவாரா?"

குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், "எனக்கா வலி?" என்றார்.

"வாயை மூடிக்கிட்டுப் படுங்க."

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு டெய்லர் அக்கா வந்தாள். புருஷன் போன பிறகு தையல் மெஷினை மிதித்து மிதித்தே ஒரே மகனை, காப்பாளரின் மகள் படிக்கும் அதே கல்லூரிக்கு அனுப்பியவள். "ஏன் ஒரு மாதிரியா இருக்க?" என்று கேட்டாள். காப்பாளருக்கு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். அக்காவிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

மகள் வந்து இறங்கினாள். நெஞ்சுவலிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் விறுவிறுவென்று ஏறுவதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "எதிர்வீட்டு அத்தைகிட்ட சொன்னியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அம்மா பெட்டிக்குப் பின்னாலேயே மாடி ஏறினாள்.

மறுநாள் இரண்டு தூதரகங்களையும் மூடினார்கள். விமானம் நின்றது, போன் நின்றது. அங்கே இருந்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

டெய்லர் அக்கா ஓடிவந்து மகளின் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். பிறகு போர்வைக்குள் அவசரமாகப் புகுந்துகொண்ட வீட்டுக்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கடவுளாப் பார்த்துத்தான் உனக்கு அந்த வலியைக் கொடுத்திருக்கார் தம்பி. எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்திருந்தா, அவருக்கும் ஒரு வலி வந்திருக்கும். என் பையனும் வந்து சேர்ந்திருப்பான்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள்.